மூஞ்சிக்கல் மூட்டைகள்
(ஒரு மலைச் சங்கம் ஊரோடு பேசிய கதை)



மலர்க் குழுவினர் என்னைக் கூப்பிட்டு, "நீதான் சங்கத்துக்கு மக்கள் தொடர்புச் செயலாளர் ஆச்சே, அதைப் பத்தியே ஒரு கட்டுரை குடு" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கருவியியல் படித்த ஆள். பிரஷர் கேஜ் சரியாகக் காட்டுகிறதா, தெர்மோகப்பிள் பொய் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. மக்கள் தொடர்பு என்ற பதவி போன ஆண்டுப் பொதுக்குழுவில் நான் வெளியே டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் என் தலையில் விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான், அதைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் வந்து நின்ற இடம் நம் தலைக்கு மேலே இருக்கும் கொடைக்கானல்!

நாம் எல்லோரும் ஏறிய மலைதான். இரண்டாம் ஆண்டு டூர், வத்தலக்குண்டு வழி பஸ், வெள்ளி நீர்வீழ்ச்சியில் குரூப் போட்டோ, ஏரியில் பெடல் போட். அந்த ஏரியே மனிதன் கட்டியது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1863-ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டிய ஏரி அது. அதற்கு முன்னால், 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் கீழ்நாட்டுக் காய்ச்சலுக்குப் பயந்து மேலே போய் இரண்டு பங்களா கட்டிக்கொண்டார்கள். ஊர் அப்படித்தான் ஆரம்பித்தது.

வெள்ளைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு கிளப் வந்துவிடும். 1887-ல் கொடைக்கானல் கிளப், 1890-ல் படகுக் கழகம், அதே ஆண்டு மிஷனரிகளுக்கென்று தனியாக ஒரு யூனியன். இந்தச் சங்கங்களுக்கு ஊரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுமே இல்லை. உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், டென்னிஸ் ஆடினார்கள், அவ்வளவுதான். படகுக் கழகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதே 1932 மே மாதத்தில்தான். நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஏரிக்கரையில் நின்று வேடிக்கை பார்த்த ஊர் அது!

ஊரோடு பேசித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் அங்கே ஒரு சங்கம் பிறந்தது 1985-ல். பழனி மலைப் பாதுகாப்புக் குழு என்று பெயர். சோலைக்காடுகள் அழிவதையும், யூகலிப்டஸும் வாட்டிலும் மலையை மூடுவதையும், கண்ட இடத்தில் கட்டடம் எழுவதையும் பார்த்துக் கவலைப்பட்டவர்கள் சேர்ந்து தொடங்கியது. நாற்றங்கால் போட்டு மரக்கன்று வளர்த்துக் கொடுத்தது அவர்களுடைய ஆரம்ப வேலைகளில் ஒன்று. கையில் அதிகாரம் கிடையாது. இருந்தது வாய் ஒன்றுதான். அந்த வாயை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் என் விஷயம்.

முதலில் ஏழு மாடிக் கதை. 'பிளசன்ட் ஸ்டே' என்ற ஓட்டல் அனுமதிக்கப்பட்டதைவிட அதிக மாடிகளோடு எழும்பியது. மலைப்பிரதேசக் கட்டட விதிகளுக்கு விலக்குக் கொடுத்து 1994-ல் அரசாணையும் வந்தது. பாதுகாப்புக் குழு உயர்நீதிமன்றம் போனது. 1995-ல் அரசாணை ரத்து. உச்சநீதிமன்றமும் அதே ஆண்டில் அதை உறுதி செய்தது. அந்த விவகாரத்திலிருந்து கிளைத்த ஊழல் வழக்கில்தான் 2000 பிப்ரவரி 2-ம் தேதி ஜெயலலிதாவுக்குத் தனி நீதிமன்றம் ஓராண்டுத் தண்டனை விதித்தது. அன்றைய கலவரத்தில் தர்மபுரி அருகே வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் சென்ற பஸ் கொளுத்தப்பட்டு மூன்று பேர் இறந்தார்கள். (2001 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அவரை அந்த வழக்கிலிருந்து விடுவித்தது.) பஸ் எரிந்தது நம் எல்லோருக்கும் தெரியும். அதன் வேர் ஒரு மலைச் சங்கத்தின் மனுவில் இருந்தது என்பது எனக்கே இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் தெரிந்தது.

இதில் ஒரு சௌகரியம் கவனித்தீர்களா? மாடியை யார் வேண்டுமானாலும் ரோட்டில் நின்று எண்ணலாம். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று விரல் விட்டு ஏழு வரை. சங்கம் சொன்னதை நம்ப வேண்டிய அவசியமே யாருக்கும் இல்லை, அண்ணாந்து பார்த்தால் போதும். அடுத்து வந்த விஷயம் அப்படிப்பட்டதல்ல. அது கண்ணுக்கே தெரியாது.

பாதரசம்! நம் லேபில் மானோமீட்டர் உடைந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மேசையில் ஓடிய வெள்ளி மணிகளைப் பேப்பரால் தள்ளி, உள்ளங்கையில் உருட்டி, "டேய், என்ன வெயிட்டு பாருடா" என்று விளையாடினோம். தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம். அது அறை வெப்பத்திலேயே ஆவியாகும் என்றோ, அந்த ஆவி மூச்சில் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்றோ எங்கள் பேட்சில் யாருக்கும் உறைக்கவில்லை. பாடத்தில் அடர்த்தி இருந்தது, ஆவி இல்லை.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் ஊரில் இருந்த ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலையைக் கழற்றிக்கொண்டு வந்து கொடைக்கானல் செயின்ட் மேரிஸ் ரோட்டில் நிறுத்தினார்கள். செஸ்பரோ பாண்ட்ஸ் கம்பெனி. பின்னால் அந்தக் கம்பெனியை யூனிலீவர் வாங்க, 1998-ல் இந்தியப் பாண்ட்ஸ் இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. பாதரசம் இறக்குமதி, தெர்மாமீட்டர் ஏற்றுமதி. மலையில் வேலை கிடைப்பதே அபூர்வம், அதிலும் பெரிய கம்பெனி வேலை. பையன்கள் சந்தோஷமாகப் போனார்கள். தொழிற்சாலைக்குப் பின்பக்கச் சரிவில் பாம்பார் சோலை. அந்தத் தண்ணீர் கும்பக்கரை அருவியாகிப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது.

2001 மார்ச் 7. மூஞ்சிக்கல் பகுதியில், வீடுகளும் பள்ளிக்கூடமும் இருக்கிற இடத்தில் ஒரு பழைய சாமான் கடை. அங்கே கிழிந்த சாக்கு மூட்டைகளில் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி. கண்ணாடியில் பாதரசம் மினுங்கியது. பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் ஊர்க்காரர்கள், முன்னாள் தொழிலாளர்கள் என்று சுமார் 400 பேரோடு ஊர்வலம் போய், அந்த இடத்தைப் பத்திரிகைக்காரர்கள் கண் முன்னால் காட்டினார்கள். மறுநாள் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது. ஜூனில் நிரந்தரமாக மூடுவதாக அறிவிப்பு.

நோட்டீஸ் அடித்து "எங்கள் மலையில் விஷம்" என்று எழுதியிருந்தால் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்களா? மூட்டையைக் காட்டினார்கள். ஏழு மாடியைப் போலவே, வந்து பார்த்துக்கொள் என்பதுதான் இங்கேயும் அவர்களுடைய மக்கள் தொடர்பு!

இதற்கு ஒரு தாத்தா உண்டு. அமெரிக்காவில் ஐவி லீ என்ற பத்திரிகைக்காரர். 1906-ல் நிலக்கரி முதலாளிகளுக்காக வேலை செய்யும்போது ஓர் அறிக்கை விட்டார். நாங்கள் ரகசியமாகச் செய்தி கிளப்பும் ஆட்கள் அல்ல, யாருக்காகப் பேசுகிறோம் என்பதை மறைக்க மாட்டோம், நாங்கள் தரும் தகவலைச் சரிபார்க்க உதவுவோம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் ஒன்று அட்லாண்டிக் சிட்டி அருகே பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதுவரை ரயில்வே கம்பெனிகளின் வழக்கம் விபத்தை மூடி மறைப்பது. லீ பத்திரிகைக்காரர்களை அந்த இடத்துக்கே அழைத்துப் போகச் செய்தார். இன்றைக்கும் மக்கள் தொடர்புப் பாடம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆனால் பாடப்புத்தகம் அடுத்த பக்கத்தைப் புரட்டாது. 1914-ல் கொலராடோ சுரங்கப் போராட்டத்தில் தொழிலாளர்களும் குழந்தைகளும் செத்தபோது இதே லீ ராக்பெல்லர் பக்கம் நின்று துண்டறிக்கை விட்டார். அதில் தொழிற்சங்கத் தலைவர்களின் சம்பளக் கணக்கே தப்பு. சரிபார்க்க உதவுவேன் என்றவர் தானே சரிபார்க்கவில்லை. எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு 'விஷ ஐவி' என்று பட்டம் கட்டினார்.

நம் நாட்டிலும் 1968 ஏப்ரல் 21-ல் டெல்லியில் கூடிய முதல் அகில இந்திய மாநாட்டில் மக்கள் தொடர்புக்காரர்கள் ஓர் ஒழுக்க நெறியை ஏற்றுக்கொண்டார்கள். அந்த நாள்தான் தேசிய மக்கள் தொடர்பு தினம். நான் சென்னையில் வேலை பார்த்தபோது ஆபீசில் அன்றைக்குக் கேக் வெட்டினார்கள். நெறி என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, மூஞ்சிக்கல்லுக்குத் திரும்புவோம். கம்பெனி என்ன சொன்னது? பாதரசம் ஒட்டிய கண்ணாடி 5.3 டன், தங்கள் நடைமுறைக்கு மாறாகப் பழைய சாமான் வியாபாரிக்கு விற்கப்பட்டுவிட்டது என்று ஒப்புக்கொண்டது. இயக்கத்தார் 7.4 டன் என்றார்கள். தொழிற்சாலைக்குப் பின்னால் பாதரசக் கழிவைக் கொட்டவில்லை, தொழிலாளர் உடல்நலத்துக்குப் பாதிப்பில்லை என்பது கம்பெனியின் நிலை. 2003-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உத்தரவுப்படி சுமார் 290 டன் பாதரசக் கழிவும் பொருளும் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி, சுத்திகரிப்புக்காகப் பென்சில்வேனியா போய்ச் சேர்ந்தது. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குக் குப்பை திரும்பிப் போன கதையை நான் வேறு எங்கும் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

தொழிலாளர் உடல்நலம் என்பது நீளமான சோகம். அதில் நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அறிக்கைகளே ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்கின்றன. 2006-ல் முன்னாள் தொழிலாளர் சங்கம் உயர்நீதிமன்றம் போனது. 2007-ல் நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, இப்போதிருக்கும் நோய்களைப் பழைய பாதரசத்தோடு இணைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2011-ல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கையோ, தொழிலாளர் மட்டுமல்ல அவர்கள் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டதற்கு முகாந்திரம் இருக்கிறது என்றது. நடுவில் 2006-ல் ஐதராபாத் விஞ்ஞானிகள் கொடைக்கானல் ஏரித் தண்ணீரிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை அளந்து வெளியிட்டார்கள். பேரிஜம் ஏரியை ஒப்பிட்டபோது ஊர் ஏரியில்தான் அதிகம். நாம் போட் விட்ட ஏரி!

பொதுவாக இந்த மாதிரி இடத்தில் இயக்கத்துக்காரர்களுக்கு ஒரு சபலம் வரும். தமக்குச் சாதகமான அறிக்கையை மட்டும் தூக்கிப் பிடித்து மற்றதை இல்லாத மாதிரி விட்டுவிடலாம். கம்பெனிக்கும் அதே சபலம்தான். பார்க்கிற நாம் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொள்கிறோம். என் தொழில் புத்தி என்ன சொல்கிறதென்றால், இரண்டு மீட்டர் இரண்டு அளவு காட்டினால் பிடித்த மீட்டரை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றி எறியக்கூடாது. இரண்டையும் லாக் புக்கில் எழுத வேண்டும். பிறகு எது பொய் சொல்கிறது என்று தேட வேண்டும்.

மூடி மறைத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பானின் மினமாட்டா ஒன்று போதும். அங்கே சிசோ என்ற கம்பெனி கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக ஜனங்களைத் தாக்கியது. 1956-ல் நோய் வெளியே தெரிந்தது. 1959-ல் கம்பெனி டாக்டரே பூனைக்குக் கழிவைக் கொடுத்துச் சோதித்தார், பூனைக்கு அதே நோய் வந்தது. முடிவை வெளியே விடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு சுத்திகரிப்பு இயந்திரத்துக்குத் திறப்புவிழா. கம்பெனித் தலைவர் எல்லோர் முன்னாலும் 'சுத்திகரித்த' தண்ணீரை ஒரு கிளாஸ் குடித்துக் காட்டினார்! பாதரசத்தை எடுப்பது அந்த இயந்திரத்தின் வேலையே அல்ல என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஜப்பான் அரசு கம்பெனிதான் காரணம் என்று ஒப்புக்கொண்டது 1968-ல். ஒரு கிளாஸ் தண்ணீர் ஒன்பது ஆண்டுகளை விழுங்கிவிட்டது. பாதரசத்துக்கு எதிராக 2013-ல் உலக நாடுகள் செய்த ஒப்பந்தத்துக்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். 2018-ல் இந்தியாவும் அதை முறைப்படி ஏற்றது.

கொடைக்கானல் தொழிலாளர்களுக்கு விடிந்தது ஒரு பாட்டில்! 2015 ஜூலை கடைசியில் சென்னைப் பெண் சோபியா அஷ்ரப் பாடிய ராப் பாட்டு வீடியோவாக வந்தது. லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். யூனிலீவரின் உலகத் தலைவரே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி சமரசம் செய்துகொண்டது. மனிதாபிமான அடிப்படையில் என்றார்கள், தொகையை வெளியிடவில்லை. பதினைந்து ஆண்டு மனுக்கள் அசைக்காததை மூன்று நிமிடப் பாட்டு அசைத்துவிட்டதே என்று எனக்கு ஒரு பக்கம் மகிழ்ச்சி, ஒரு பக்கம் உறுத்தல். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தப் பாட்டுக்குப் பின்னால் மூட்டை இருந்தது, எடை இருந்தது, கப்பல் இருந்தது, அறிக்கைகள் இருந்தன. வெறும் மெட்டு மட்டும் இருந்திருந்தால் கம்பெனி வக்கீல் ஒரே வாரத்தில் அதை மடக்கிப் பையில் போட்டிருப்பார். மண் விவகாரம் அதோடு முடியவில்லை. மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்ற அளவு போதாது என்று ஊர்க்காரர்கள் தொடர்ந்து கேட்டார்கள். 2018-ல் டி.எம்.கிருஷ்ணாவும் சேர்ந்து பாடிய இரண்டாவது பாட்டு அதைப் பற்றித்தான்.

இனி என் சொந்தக் கதை, வெட்கத்தோடு.

மூன்றாம் ஆண்டில் நான் என்.எஸ்.எஸ். மாணவர் செயலாளர். மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தில் பத்து நாள் முகாம். வாங்கிப் போனது 200 மரக்கன்று. வழியில் சிலது முறிந்து, நட்டது 180. பத்திரிகைச் செய்தி எழுதும் வேலை எனக்கு. 180 என்று எழுதினால் நன்றாகவா இருக்கும்? 500 என்று எழுதினேன். படத்தோடு வந்தது. கட்டிங்கை ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவைத்து ஒரு வாரம் காலர் தூக்கித் திரிந்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கன்று எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் டீக்கடையில் அதே கட்டிங்கை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டி, "தம்பி, தெருவுல இருக்கிறது நூத்தம்பது சொச்சம்தான். மிச்சத்தை எங்கே நட்டீங்க? சொன்னீங்கன்னா தண்ணி ஊத்துவோம்ல" என்றார். கேலி இல்லை நண்பர்களே, நிஜமாகவே கேட்டார். முந்தின நாள் இரண்டு பேரைக் கரட்டுப் பக்கம் தேடக்கூட அனுப்பியிருக்கிறார். என்ன சொல்ல? "பேப்பர்ல தப்பாப் போட்டுட்டாங்கய்யா" என்றேன். பொய்க்கு மேல் பொய். அடுத்த ஆண்டு முகாமுக்குப் பள்ளிக்கூடக் கட்டடம் கேட்டு ஜூனியர்கள் போனபோது, "பார்க்கலாம் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரணம் என்னவென்று ஜூனியர்களுக்குத் தெரியாது. இந்த மலரைப் படித்தால் தெரிந்துகொள்வார்கள்.

இந்தக் கதையை இப்போது நான் கிளறக் காரணம் இருக்கிறது. போன மாதம் சங்கத்தின் செயற்குழுவில் நன்கொடை வேண்டுகோளுக்கு வாசகம் தயாரித்தோம். போன ஆண்டு ஏழை மாணவர்கள் 20 பேருக்கு உதவித்தொகை என்று அறிவித்திருந்தோம் அல்லவா? உண்மையில் கொடுத்தது 11 பேருக்கு. வாக்களித்த பணம் முழுக்க வரவில்லை. கைக்கு வந்த வாசகத்தில் '20 மாணவர்கள் பயன்பெற்றனர்' என்று இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, பழைய அறிவிப்பைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார்கள். நான் எழுந்து 11 என்று போடணும் என்றேன்.

"தம்பி, 11-னு போட்டா குடுக்கிறவன் என்ன நினைப்பான்? இவனுங்க சொன்னதையே செய்யலைன்னு கையை மடக்கிக்குவான்" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். சங்கத்துக்காகச் சொந்தக் காசு எவ்வளவோ போட்டவர், நான் மதிக்கிற அண்ணன். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. பணம் குறைந்தால் அடிபடுவது பிள்ளைகள்தானே? "அண்ணே, அந்த 20 பேர் லிஸ்ட்டும் ஹாஸ்டல் பூரா தெரியும்ணே. எண்ணிப் பார்த்துடுவாங்க" என்றேன். ஒரு மணி நேரம் போனது. ஒருவர் 'பலர்' என்று போட்டுவிடலாம் என்றார். அது இன்னும் மோசம் என்று எனக்குப் பட்டது. பலர் என்றால் யாராலும் எண்ண முடியாதே! மரக்கன்று கதையை அங்கேயும் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு ஓட்டெடுப்பில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் ஆயிற்று.

இந்த மலரில் வேண்டுகோள் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். 11 என்றுதான் அச்சாகியிருக்கிறது, ஏன் 20 ஆகவில்லை என்ற கணக்கும் கீழே இருக்கிறது. கூட்டம் முடிந்து மாடிப்படி இறங்கும்போது அதே அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தி, "சரிடா தம்பி, உன் இஷ்டப்படியே போட்டாச்சு. அந்த ஒன்பது பிள்ளைகளும் விழாவுக்கு வருதுக. பந்தியில எதிர்ல உக்காந்தா என்ன சொல்லப் போறே?" என்றார். அந்த ஒன்பது பேரின் விண்ணப்பங்களும் பொருளாளரிடம் ஒரு நீல ஃபைலில் இருக்கின்றன. விழா அன்று காலை ரிஜிஸ்ட்ரேஷன் மேசையில் ரசீதுப் புத்தகத்தோடு அந்த ஃபைலையும் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன்.